பூங்காவில் அவர்கள் சொன்ன உண்மை

பிரிந்துபோன காதலர்கள் பல வருஷம் கழித்துச் சந்தித்துக்கொள்ளும் கதை எந்த மொழியில் கிடைத்தாலும் விடமாட்டேன். ஆனால் அந்த வகையில் என்னை அதிகம் தொந்தரவு செய்த சந்திப்பு காதல் கதை என்று யாரும் அலமாரியில் வைக்காத ஒரு நாவலில்தான் இருக்கிறது. ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’. அதன் கடைசி அத்தியாயத்தில், ஒன்றிரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடுகிற ஒரு பகுதி. அந்த நாவலைப் படித்தவர்களிடம் பேசிப் பாருங்கள், நாட்டை ஆளும் கட்சியின் தலைவரான பெரியண்ணனைப் பற்றிச் சொல்வார்கள், சுவரில் இருந்தபடி ஆளைக் கவனிக்கும் டெலிஸ்க்ரீனைப் பற்றிச் சொல்வார்கள், 101-ஆம் அறையின் எலிக்கூண்டைப் பற்றிச் சொல்வார்கள். பூங்காவில் நடந்த சந்திப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எனக்கோ அந்த நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

படிக்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வின்ஸ்டனுக்கு 39 வயது. உண்மை அமைச்சகத்தில் வேலை. பெயர்தான் அப்படி, பழைய செய்தித்தாள்களைக் கட்சிக்கு ஏற்றபடி திருத்தி எழுதுவதுதான் அவன் உத்தியோகம். நேற்றுக் கட்சி சொன்னது இன்று பொய்யாகிவிட்டால், நேற்றைய பேப்பரையே மாற்றிவிடுவார்கள். ஜூலியாவுக்கு 26. அதே அமைச்சகத்தில் நாவல் தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிக்கிறாள். ஒருநாள் நடைபாதையில் விழுவதுபோல விழுந்து, தூக்கிவிட வந்தவன் கையில் ஒரு துண்டுச்சீட்டைத் திணிக்கிறாள். அதில் ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. அதற்கு முன்னால் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளை ஒற்றுப் பார்க்கிறவள் என்று நினைத்து வெறுத்துக்கொண்டிருந்தவன் அவன்.

அந்த நாட்டில் காதல் தனி விஷயம் இல்லை. கட்சி உறுப்பினர்கள் கட்சிக்குப் பிள்ளை பெற்றுக்கொடுக்கத்தான் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். ஒருவர்மேல் ஒருவருக்கு ஆசை இருப்பது தெரிந்தால் அனுமதியே கிடைக்காது. அதனால் இவர்கள் காட்டில் சந்திப்பதும், பிறகு ஒரு பழைய பொருள் கடையின் மாடியில் அறை எடுத்துக்கொள்வதும் நேரடியான அரசியல் குற்றம். அந்த மாடி அறையில் ஜூலியா கறுப்புச் சந்தையில் வாங்கிய நிஜமான சர்க்கரையும் நிஜமான காபியும் கொண்டுவருவாள். மாட்டிக்கொள்வோம் என்று இருவருக்கும் தெரியும், அதைப் பேசிக்கொள்ளவும் செய்கிறார்கள். அப்போது வின்ஸ்டன் சொல்கிற ஒரு விஷயம் முக்கியம்: வாக்குமூலம் கொடுப்பது துரோகம் ஆகாது, எல்லாரும் கொடுப்பார்கள்; உன்னை நான் நேசிக்காதபடி அவர்கள் செய்துவிட்டால் அதுதான் துரோகம். ஜூலியா யோசித்துவிட்டு, அது ஒன்றைத்தான் அவர்களால் செய்ய முடியாது என்கிறாள். எதை வேண்டுமானாலும் சொல்ல வைக்கலாம், நம்ப வைக்க முடியாது, உள்ளே நுழைய முடியாது என்பது அவள் வாதம்.

அப்புறம் பிடிபடுகிறார்கள். அடி, பட்டினி, மின்சாரம், நண்பனாக நடித்து ஏமாற்றிய கட்சி அதிகாரி ஓப்ரையனின் பொறுமையான விசாரணை. கடைசியில் 101-ஆம் அறை. அவனவனுக்கு எது உலகத்திலேயே தாங்க முடியாததோ அது அங்கே காத்திருக்கும். வின்ஸ்டனுக்கு எலி. கூண்டு முகத்துக்கு நேரே வரும்போது, எனக்கு வேண்டாம், ஜூலியாவுக்குச் செய்யுங்கள் என்று கத்துகிறான். முடிந்தது.

இதற்குப் பிறகு வருவதுதான் பூங்கா. விடுதலையாகி வெளியே வந்த பிறகு, மார்ச் மாதத்தில் ஒரு கொடுமையான குளிர்நாளில், தற்செயலாக. மண் இரும்பாக இறுகிக் கிடக்கிறது. பத்து மீட்டர் தூரத்தில் அவளைப் பார்க்கிறான். இருவரும் அடையாளமே காட்டாமல் ஏறக்குறைய கடந்துபோய்விடுகிறார்கள். பிறகு அவன்தான் திரும்பி, பெரிய ஆர்வம் ஒன்றும் இல்லாமல், பின்னாலேயே போகிறான். இதில் ஆபத்து இல்லை என்று அவனுக்குத் தெரியும். யாரும் இனி அவனைக் கவனிக்கப் போவதில்லை. எனக்கு முதுகெலும்பு சில்லிட்டுப் போகிற இடம் இது. முன்பு இவர்கள் கூட்டத்தில் கை கோத்துக்கொள்வதற்கே ஒருவரை ஒருவர் பார்க்காமல் நேரே பார்த்தபடி நிற்க வேண்டியிருந்தது. இப்போது விருப்பப்பட்டால் அந்தத் தரையிலேயே படுத்துக்கொள்ளலாம், எவனும் கேட்க மாட்டான். தடை நீங்கிவிட்டது, ஏனென்றால் தடுக்க வேண்டியது எதுவும் உள்ளே இல்லை என்று கட்சி முடிவு செய்துவிட்டது.

இடுப்பில் கை போடுகிறான். அவள் அணைக்கவும் இல்லை, விலகவும் இல்லை. நெற்றியிலிருந்து கன்னப்பொட்டு வரை நீண்ட தழும்பு, பாதி கூந்தலில் மறைந்திருக்கிறது. இடுப்பு பருத்து விறைத்திருக்கிறது. குண்டு விழுந்த இடிபாட்டிலிருந்து ஒருமுறை இழுத்துப்போட்ட பிணத்தின் கனம் அவனுக்கு ஞாபகம் வருகிறது. பக்கத்தில் பக்கத்தில், ஆனால் நெருங்காமல், இரண்டு இரும்பு நாற்காலிகளில் உட்காருகிறார்கள். அவள் காலடியில் கிடந்த ஒரு சுள்ளியை வேண்டுமென்றே மிதித்து ஒடிக்கிறாள். பிறகு, நான் உன்னைக் காட்டிக்கொடுத்தேன் என்கிறாள். நானும் உன்னைக் காட்டிக்கொடுத்தேன் என்கிறான் அவன்.

அதற்குப் பிறகு ஜூலியா பேசுவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். தாங்கவே முடியாத ஒன்றைக் காட்டி மிரட்டுவார்கள், எனக்கு வேண்டாம் இன்னாருக்குச் செய்யுங்கள் என்று சொல்லிவிடுவோம், பிற்பாடு அது சும்மா அவர்களை நிறுத்துவதற்காகச் சொன்னது, மனசறிந்து சொல்லவில்லை என்று நமக்கு நாமே கதை கட்டலாம், ஆனால் அது உண்மையில்லை, சொல்கிற நேரத்தில் மனசறிந்துதான் சொல்கிறோம், அந்த ஆளுக்கு என்ன ஆனாலும் கவலையில்லை, நம்மைப் பற்றி மட்டும்தான் கவலை. அதற்குப் பிறகு அந்த ஆள்மேல் பழைய மாதிரி தோன்றுவதில்லை. இவ்வளவுதான் அவள் சொல்வது. அவன் ஒவ்வொன்றின் கடைசிப் பகுதியையும் திருப்பிச் சொல்கிறான், வேறெதுவும் சொல்வதில்லை.

இதைக் காதலின் சாவு என்று எல்லாரும் படிக்கிறார்கள். நானும் அப்படித்தான் படிக்கிறேன், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சாவுக்குள்ளேயே வேறு ஒன்றும் நடக்கிறது என்பது என் வாதம். அந்த நாவல் முழுக்க உண்மை பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். பேப்பர் பொய். புள்ளிவிவரம் பொய். மாடி அறையைக் கொடுத்த கடைக்காரக் கிழவர் சிந்தனைப் போலீஸ். ஓப்ரையன் காட்டிய நட்பு பொய். ஜூலியாவே பகலில் கட்சிப் பற்று மிக்கவளாக நடித்து வாழ்ந்தவள். வின்ஸ்டன் பிழைத்ததே பொய் எழுதி. இரண்டும் இரண்டும் நான்கு என்று சொல்லும் சுதந்திரம்தான் சுதந்திரம், அது கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் வந்துவிடும் என்று அவன் முதலில் டைரியில் எழுதுகிறான். கடைசியில் ஓட்டல் மேஜைத் தூசியில் இரண்டும் இரண்டும் ஐந்து என்று விரலால் எழுதுகிறான். இந்த இரண்டுக்கும் நடுவில், பூங்காவில், யாரும் கேட்காமலேயே, எந்த ஓப்ரையனும் கட்டாயப்படுத்தாமலேயே, இரண்டு பேர் நடந்ததை நடந்தபடி ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்கிறார்கள். கட்சியின் பாடப்படி அவர்கள் செய்திருக்க வேண்டியது வேறு. துரோகம் நடந்ததையே மறக்க வேண்டும், மறந்ததையும் மறக்க வேண்டும். இரட்டைச் சிந்தனை என்று அதற்குப் பெயரே வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஜூலியா அதைச் செய்யவில்லை. சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் ஆனால் அது பொய் என்று அவளே அந்தக் கதவையும் மூடுகிறாள். அதுதான் அந்தப் புத்தகத்தில் கடைசியாகச் சொல்லப்பட்ட ‘இரண்டும் இரண்டும் நான்கு’.

என் நண்பன் ஒருவன் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டான். நீ உனக்கு வேண்டியதைக் கதைக்குள் திணிக்கிறாய், உன்னை வெறுமையாகப் பிழிந்து எங்களை நிரப்புவோம் என்று ஓப்ரையன் முன்பே சொல்லிவிட்டான், அதை நிரூபிக்கத்தான் ஆர்வெல் பூங்காவை எழுதினார், அதற்குமேல் அங்கே ஒன்றும் இல்லை என்பான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விடுதலையான வின்ஸ்டனுக்குக் கொடுத்திருக்கும் வேலை என்ன தெரியுமா? ஒரு துணைக்குழுவின் துணைக்குழுவில் உட்கார்ந்து, காற்புள்ளியை அடைப்புக்குறிக்கு உள்ளே போடுவதா வெளியே போடுவதா என்று ஆராய்வது. அதில் அவனைப் போலவே இன்னும் நான்கு பேர். மீதி நேரம் செஸ்ட்நட் ட்ரீ கஃபேயில் கிராம்பு வாசனை அடிக்கும் ஜின், சதுரங்கக் கணக்கு. கடைசி வரியில் அவன் பெரியண்ணனை நேசிக்கிறான். இப்படி முடிகிற ஆளிடம் போய் மிச்சம் மீதி தேடுகிறாயே என்று நண்பன் கேட்பது சரிதான்.

ஆனால் நான் தேடுவது வின்ஸ்டனிடம் இல்லை, ஜூலியாவிடம். அவள் எப்படி முடிகிறாள் என்று ஆர்வெல் சொல்லவே இல்லை. நாவல் முழுக்க அவன் கண் வழியாகத்தான் நாம் பார்க்கிறோம். பூங்காவில் அவள் அவனைப் பார்க்கும் ஒரு கணப் பார்வையில் இகழ்ச்சியும் வெறுப்பும் இருந்தன என்று வருகிறது. அந்த வெறுப்பு பழையதிலிருந்து வந்ததா, இல்லை உப்பிப்போன தன் முகத்தையும் குளிர்க்காற்றில் நீர் வழியும் கண்களையும் பார்த்ததால் வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை. மறுபடி சந்திக்க வேண்டும் என்று அவன் சொல்ல, ஆமாம் சந்திக்க வேண்டும் என்று அவளும் சொல்கிறாள். பிறகு அவன் இணையாக வர முடியாத வேகத்தில், அவனை விரட்டாமலும், நடந்துகொண்டே இருக்கிறாள். சுரங்க ரயில் நிலையம் வரை கூடப் போகலாம் என்று நினைத்தவனுக்குப் பாதி வழியிலேயே ஓட்டலின் கதகதப்பு ஞாபகம் வந்துவிடுகிறது. திரும்பிப் பார்த்தால் தெருவில் போகிற பத்துப் பன்னிரண்டு பேரில் அவள் யார் என்று தெரியவில்லை. விட்டுவிட்டுப் போனது அவன்தான், கவனியுங்கள்.

நம் ஊர் வாசகர்களுக்கு இது இன்னும் அதிகமாக வலிக்கும் என்று நினைக்கிறேன். பொருள் தேடிப் போனவனும் போருக்குப் போனவனும் திரும்பி வரும் பாடல்களில் வளர்ந்த மனசு நம்முடையது. வள்ளுவர் காமத்துப்பாலை ஊடலில் கொண்டுவந்து முடிக்கிறார். ஊடுதல்தான் காமத்துக்கு இன்பம், கூடித் தழுவுவது அந்த ஊடலுக்கு இன்பம் என்று. ஊடல் கொள்வதற்கு ஒரு உரிமை வேண்டும், நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று சண்டை போடுகிற அளவுக்காவது அந்த ஆள் முக்கியமாக இருக்க வேண்டும். பூங்காவில் ஊடல் இல்லை. ஜூலியா வின்ஸ்டனைக் குற்றம் சொல்லவே இல்லை, வின்ஸ்டனும் அவளைச் சொல்லவில்லை. இருவரும் தங்கள் தங்கள் துரோகத்தை மட்டும் வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். கோபம்கூட மிச்சம் வைக்காத ஓர் அரசு எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்பதை இதைவிடக் கச்சிதமாக யாரும் எழுதி நான் படித்ததில்லை.

ஆர்வெலுக்கு முன்னால் ரஷ்யாவில் ஒருவர் இதே இடத்துக்கு வந்திருக்கிறார். யெவ்கெனி ஸம்யாத்தின். 1920-21-இல் எழுதிய ‘நாம்’ என்ற நாவல், சொந்த நாட்டில் வெளியிட முடியாமல் 1924-இல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில்தான் முதலில் வந்தது. ஆர்வெல் அதைப் படித்து 1946 ஜனவரியில் ‘டிரிப்யூன்’ இதழில் எழுதியும் இருக்கிறார். அங்கே மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். டி-503 என்ற பொறியாளன் ஐ-330 என்ற பெண்ணைக் காதலித்துக் கலகக்காரர்களோடு சேருகிறான். பிறகு அவனைப் பிடித்து, கற்பனையையே மூளையிலிருந்து எடுத்துவிடும் அறுவைச் சிகிச்சை செய்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒரு சந்திப்பு நடக்கிறது: நாட்டின் தலைவர் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருக்க, எதிரே காற்றை உறிஞ்சும் கண்ணாடி மணிக்குள் அவளை வைத்துச் சித்திரவதை செய்கிறார்கள். அந்தப் பெண் என்றுதான் அவளை அவன் குறிப்பிடுகிறான். நாற்காலிக் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு, கண் மூடும் வரை அவனையே பார்க்கிறாள். எதையோ ஞாபகப்படுத்துகிறது என்று நினைக்கிறான், அவ்வளவுதான். மூன்று முறை செய்தும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இது பயங்கரமான காட்சி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஸம்யாத்தின் அந்த இருவருக்கும் ஒரு கருணை செய்திருக்கிறார். ஐ-330 கடைசி வரை உடையவில்லை. டி-503-க்குத் தான் எதை இழந்தோம் என்பதே தெரியாது. ஆர்வெல் அந்தக் கருணையைக் காட்டவில்லை. அவருடைய ஆட்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. காட்டுக்குள் புளூபெல் பூக்கள் நடுவில் நடந்த முதல் பகல், மாடி அறை, சர்க்கரை, எல்லாம். ஞாபகத்தை விட்டுவைத்து, அதோடு ஒட்டியிருந்த உணர்வை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள். அதனால்தான் அவர்களால் உண்மையைச் சொல்லவும் முடிந்தது என்று நான் நண்பனிடம் வாதாடுகிறேன். டி-503-ஆல் மன்னிப்புக் கேட்கவே முடியாது, எதற்கு என்று தெரியாது. ஜூலியாவுக்குத் தெரியும்.

இந்த முடிவைத் தாங்க முடியாமல் மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. 1956-இல் மைக்கேல் ஆண்டர்சன் எடுத்த படத்துக்கு இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் வின்ஸ்டன் பெரியண்ணன் ஒழிக என்று கத்திக்கொண்டே சுடப்பட்டு விழ, ஜூலியா ஓடிவந்து அவனோடு சாகிறாள். எனக்கு அந்த ஆசை புரிகிறது. சேர்ந்து செத்தால் காதல் ஜெயித்துவிட்டது என்று எழுந்து வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஆர்வெல் எழுதிய கொடுமையின் சாரமே அவர்கள் சாகவில்லை என்பதுதான். வெளியே விட்டுவிட்டார்கள். 1984-இல் மைக்கேல் ராட்ஃபோர்டு எடுத்த படத்தில் ஜான் ஹர்ட்டும் சுசானா ஹாமில்டனும் நடித்தார்கள். அதில் சந்திப்பு பூங்காவில் இல்லை, கஃபேக்கு உள்ளே. நல்ல படம்தான், ஜான் ஹர்ட்டின் முகம் ஒன்றே போதும். இருந்தாலும் அந்த மாற்றம் எனக்கு உறுத்துகிறது. கஃபே கட்சியின் இடம், தீர்ந்துபோனவர்களை உட்காரவைக்கும் இடம். பூங்கா அப்படி இல்லை, குளிரிலாவது அது வெளி. அங்கே அவளாகவே பேசுகிறாள். 2023-இல் சாண்ட்ரா நியூமன், ஆர்வெல் வாரிசுதாரர்களின் சம்மதத்தோடு, முழுக் கதையையும் ஜூலியாவின் பக்கத்திலிருந்து எழுதினார். இவ்வளவு காலம் அவள் பக்கத்தை யாரும் விரிவாகக் கேட்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

ஆர்வெலின் சொந்த வாழ்க்கையைச் சொல்லாமல் இதை விட முடியாது. ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில், பார்ன்ஹில் என்ற தனித்த பண்ணை வீட்டில், காசநோயோடுதான் இந்த நாவலை எழுதினார். அவ்வளவு தூரம் வந்து தட்டச்சு செய்து தர ஆள் கிடைக்காமல், படுக்கையில் உட்கார்ந்து தானே முழுவதையும் அடித்தார். 1948 டிசம்பரில் முடிந்தது. 1949 ஜனவரியில் குளோஸ்டர்ஷயரில் கிரான்ஹாம் சானடோரியத்தில் சேர்ந்தார். அங்கே இருந்தபோது, பிப்ரவரியில், ஒரு கடிதம் வருகிறது. எழுதியவர் ஜசிந்தா படிக்கம்.

ஆர்வெலின் நிஜப் பெயர் எரிக் பிளேர். 1914-இல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், வயலில் ஒரு பையன் தலைகீழாக நின்றுகொண்டிருக்க, ஏன் இப்படி நிற்கிறாய் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்டார்கள். தலைகீழாக நின்றால்தான் கவனிப்பார்கள் என்றான். அந்தப் பிள்ளைகளில் மூத்தவர் ஜசிந்தா, அவனைவிட இரண்டு வயது பெரியவர். சேர்ந்து கவிதை எழுதி, புத்தகம் படித்து வளர்ந்தார்கள். அவன் அவரைக் காதலித்தான். 1922-இல் போலீஸ் வேலைக்கு பர்மா போனான், தொடர்பு விட்டுப்போனது. ஜார்ஜ் ஆர்வெல் என்ற எழுத்தாளர் தன் எரிக்தான் என்பது ஜசிந்தாவுக்கு 1949-இல்தான் தெரியவருகிறது. உடனே எழுதுகிறார். ஆர்வெலும் உடனே பதில் எழுதுகிறார், பழைய நாட்களை நினைத்து நினைத்து எழுதி, பார்க்க வேண்டும் என்கிறார். அந்தச் சந்திப்பு நடக்கவில்லை. ஜசிந்தா போகவில்லை. ஜூன் 8-இல் நாவல் வெளிவந்தது. அக்டோபரில் மருத்துவமனைப் படுக்கையிலேயே சோனியா பிரவுனெலை மணந்தார். 1950 ஜனவரி 21-இல் 46 வயதில் இறந்துபோனார்.

1974-இல் ஜசிந்தா தங்கள் இளமைக் காலத்தைப் பற்றி அன்பாக ஒரு புத்தகம் எழுதினார். அதில் சொல்லாத ஒன்று அவர் இறந்த பிறகு, 2006-இல் வந்த பதிப்பின் பின்னுரையில்தான் வெளியானது: 1921-இல் எரிக் அவர் விருப்பத்தை மீறி நடந்துகொள்ள முயன்றிருக்கிறான், அவர் போராடி விலகியிருக்கிறார். அதை நான் முதலில் படித்தபோது அவ்வளவு கோபம் வந்தது, ஆர்வெலின்மேல். இன்னமும் வருகிறது. பர்மாவுக்கு என்னைக் கைவிட்டுவிட்டாயே என்ற தொனியில் 1949-இல் அவர் எழுதுகிறாரே தவிர, தான் செய்ததைப் பற்றி எழுதவில்லை. நாவல் அதற்கு முன்பே முடிந்துவிட்டது, அதனால் பூங்காவுக்கு மூலம் ஜசிந்தா என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்கிறவர்கள் தேதியைப் பார்ப்பது நல்லது. நான் சொல்வது வேறு. ஜூலியாவின் வாயில் வைக்க முடிந்த அந்த நேர்மையை, நான் உனக்குச் செய்தது இது என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிற நேர்மையை, அந்த மனிதரால் தன் கடிதத்தில் வைக்க முடியவில்லை. எத்தனை கஷ்டமான காரியத்தை அவர் அந்த இரண்டு பாத்திரங்களிடம் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அதிலிருந்துதான் புரிந்தது.

நண்பனோடு வாதம் சூடாகும்போது அவன் எப்போதும் எடுத்துவிடுவது ஒரு நிஜக் கதை. வடகொரியாவுக்குப் படிக்கப்போன ஒரு வியட்நாமிய இளைஞர், 1971-இல் பயிற்சிக்குப் போன உரத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் ஒரு பெண்ணைப் பார்க்கிறார். இரண்டு நாடுகளிலும் வெளிநாட்டவரை மணக்கத் தடை. 1973-இல் அவர் ஊர் திரும்ப வேண்டியிருக்கிறது. பிறகு கடிதங்கள். 1992-க்குப் பிறகு அதுவும் நின்றுபோகிறது. 2002-இல் வியட்நாமின் ஜனாதிபதி பியோங்யாங் போனபோது விஷயம் மேலிடம் வரை போய் அனுமதி கிடைக்க, அந்த வருஷமே கல்யாணம். ஹனோயில் குடித்தனம். 2019-இல் அந்த ஊரில் டிரம்ப்–கிம் சந்திப்பு நடந்த சமயம் ராய்ட்டர்ஸ் இவர்களைப் பேட்டி கண்டது, 70 வயதை ஒட்டிய தம்பதி. பார்த்தாயா, ஆர்வெல் கற்பனை செய்தது நடக்கவில்லை, உள்ளே நுழைய முடியாது என்று ஜூலியா முதலில் சொன்னதுதான் சரி என்பான் நண்பன்.

எனக்கும் அந்தத் தம்பதியை நினைத்தால் சந்தோஷம்தான், அதில் என்ன சந்தேகம். ஆனால் அவர்களை யாரும் 101-ஆம் அறைக்குக் கொண்டுபோகவில்லை. அவர்களிடம் அரசுகள் பிடுங்கிக்கொண்டது காலத்தை, 31 வருஷத்தை. ஒருவரை ஒருவர் விற்கச் சொல்லவில்லை. பேட்டி காண்கிறவர்கள் எப்படிக் காத்திருந்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். நான் கேட்க நினைப்பது வேறு: கடிதமே இல்லாத அந்தப் பத்து வருஷத்தில், அவள் வேறு யாரையோ கட்டிக்கொண்டிருப்பாள், அவர் மறந்திருப்பார் என்று ஒரு ராத்திரியாவது ஒருவரைப் பற்றி ஒருவர் நினைத்திருப்பீர்களே, கல்யாணத்துக்கு அப்புறம் அதை உட்கார்ந்து ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டீர்களா?